இலங்கையில் சித்திரைப் புத்தாண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் நடுப்பகுதியில் முதன்முறையாக இலங்கைக்கு வருபவர்களும், வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்து இந்தப் பண்டிகையைப் பெற்றோர் சொல்லக் கேட்டு மட்டுமே அறிந்த பிள்ளைகளும், தமிழ்நாட்டுச் சித்திரை முதல் நாளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. சிங்களவர், தமிழர் இரு தரப்பாரின் வழக்கங்களும் இதில் அடங்கும். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு சிறு வேறுபாடுகள் இருக்கும் என்பதை மனத்தில் கொண்டு வாசிக்கவும்.

ஜனவரி 1ஆம் திகதி இலங்கையில் புத்தாண்டாகக் கொண்டாடப்படுவதில்லையா?

நகரங்களில் வாணவேடிக்கைகளும் தேவாலயங்களில் நள்ளிரவு ஆராதனைகளும் உண்டு. ஆனால் ஜனவரி 1 இலங்கையில் அரச விடுமுறை நாள் அன்று. அரச ஊழியர்கள் அன்று அலுவலகத்துக்கு வந்து, ஒன்றுகூடி நின்று, புதிய ஆண்டுக்கான உறுதிமொழி எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். நாடு முழுவதும் கதவடைத்துக் கொண்டாடும் புத்தாண்டு சூரியன் மீன இராசியை விட்டு மேட இராசிக்குள் நுழையும்போது பிறப்பதாகும். அது ஏப்ரல் 13 அல்லது 14ஆம் திகதியில் வரும். புத்தாண்டு நாளும் அதற்கு முந்திய நாளும் பொது விடுமுறை நாட்கள்; நாட்காட்டிகளில் 'தமிழ் சிங்களப் புத்தாண்டு' என்று இரு இனங்களின் பெயரையும் சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் புத்தாண்டு வெவ்வேறு நேரத்தில் பிறப்பது ஏன்?

இங்கே ஆண்டு நள்ளிரவு 12 மணிக்குப் பிறப்பதில்லை. சூரியன் இராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவரும் காலம் ஏறத்தாழ 365 நாட்கள் 6 மணி 9 நிமிடம். மிஞ்சி நிற்கும் அந்த ஆறு மணி நேரத்தால் ஆண்டு பிறக்கும் கணம் வருடந்தோறும் நாளின் காற்பங்கு தள்ளிப் போகிறது. அண்மைய ஆண்டுகளைப் பார்த்தாலே இது விளங்கும். அரசு வெளியிட்ட சுபநேரங்களின்படி 2023இல் ஏப்ரல் 14 பிற்பகல் 2.59க்கும், 2024இல் ஏப்ரல் 13 இரவு 9.05க்கும், 2025இல் ஏப்ரல் 14 அதிகாலை 3.21க்கும் ஆண்டு பிறந்தது. ஆகவே ஓர் ஆண்டில் மதிய வெயிலில் அடுப்பு மூட்டும் குடும்பம் இரண்டு ஆண்டுகள் கழித்து விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அதே அடுப்பை மூட்ட வேண்டியிருக்கும். பிள்ளைகளை அந்த நேரத்தில் எழுப்பிக் குளிக்க வார்ப்பது எளிதான காரியம் அன்று. ஆனாலும் அப்படி எழுப்பப்பட்ட ஆண்டுகளைத்தான் அவர்கள் வளர்ந்த பிறகு நினைவுகூருவார்கள் என்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே கணத்தில்தான் ஆண்டு பிறக்கிறதா?

அடிப்படை ஒன்றே, கணக்கில்தான் சிறு வேறுபாடு உண்டு. தமிழரிடையே வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என இரண்டு கணிப்பு முறைகள் வழங்குகின்றன. யாழ்ப்பாணத்தில் கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் குடும்பங்கள் மிகப் பல. திருக்கணிதத்தைப் பின்பற்றும் கோயில்களும் வீடுகளும் உள்ளன. இந்த இரண்டுக்கும் இடையே ஆண்டுப் பிறப்பு நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட வித்தியாசமே பெரும்பாலும் இருக்கும். சிங்கள சோதிடர்கள் அறிவிக்கும் நேரம் பொதுவாகத் திருக்கணிதத்தோடு ஒத்துப்போகும். எதைப் பின்பற்றுவது என்று எவராவது கேட்டால், உங்கள் வீட்டுப் பெரியவர்களும் உங்கள் ஊர்க் கோயிலும் எதைப் பின்பற்றி வந்தார்களோ அதையே தொடருங்கள் என்பதுதான் தகுந்த பதில்.

ஆண்டின் பெயரிலும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழர் அறுபது ஆண்டுச் சுற்றின்படி பெயரிட்டு அழைப்பார்கள். 2024இல் பிறந்தது குரோதி, 2025இல் பிறந்தது விசுவாவசு. சிங்களப் பஞ்சாங்கங்கள் சக சகாப்தம் என்னும் ஆண்டுக் கணக்கின் எண்ணைக் குறிப்பிடும்.

'நொனகத' என்று சிங்களவர் சொல்லும் நேரம் எது? அப்போது என்ன செய்வார்கள்?

இந்தப் பண்டிகையில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத பகுதி இதுதான் என்பது என் எண்ணம். பழைய ஆண்டு முடிந்துவிட்டது, புதிய ஆண்டின் கருமங்கள் இன்னும் தொடங்கவில்லை என்று கொள்ளப்படும் இடைவேளை அது. ஆண்டு பிறக்கும் கணத்துக்கு முன்னே 6 மணி 24 நிமிடமும் பின்னே 6 மணி 24 நிமிடமுமாக, மொத்தம் 12 மணி 48 நிமிடம் நீடிக்கும். பழைய கணக்கில் சொன்னால் முன்னே 16 நாழிகை, பின்னே 16 நாழிகை. இந்த அளவு வெறுமனே வைத்துக்கொண்ட ஒன்று அன்று. சூரியன் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது. வானத்தில் நாம் காணும் சூரிய வட்டத்தின் அகலமோ ஏறத்தாழ அரைப் பாகை. எனவே அந்த வட்டத்தின் முன்விளிம்பு இராசி எல்லையைத் தொட்டதிலிருந்து பின்விளிம்பு அதைக் கடந்து முடிப்பது வரை அரை நாளுக்குச் சற்று அதிகமாகும். வட்டத்தின் நடுப்பகுதி எல்லையில் நிற்கும் கணமே ஆண்டுப் பிறப்பு.

இந்த நேரம் தொடங்கும் முன்பே சிங்கள வீடுகளில் கடைசி உணவை உண்டுவிட்டு அடுப்பை அணைப்பார்கள்; சாம்பலை அள்ளி அடுப்படியைத் துப்புரவாக்குவார்கள். அதன் பிறகு சமையல் இல்லை, உண்பதில்லை, தொழில் இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. விகாரைக்குச் சென்று வழிபடுவதும் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடுவதும் மட்டுமே. ஊர்ப்புறங்களில் பெண்கள் றபானைச் சுற்றி அமர்ந்து இரு கைகளாலும் தட்டுவார்கள். றபான் என்பது தாழ்வான கால்கள் மீது கிடத்தி வைக்கும் பெரிய வட்டப் பறை. அடியில் நெருப்புச் சட்டி வைத்துத் தோலைச் சூடேற்றினால்தான் அது கணீரென்று ஒலிக்கும். நாலைந்து பெண்கள் ஒரே தாளத்தில் தட்டும் ஓசை வயல்வெளியைத் தாண்டிக் கேட்கும்.

பணம் சம்பாதிக்கவோ செலவிடவோ கூடாத அரை நாளை ஒரு நாடே தனக்கென ஒதுக்கி வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, ஓய்வில்லாத வேலைகளில் மாட்டிக்கொண்ட பிறகுதான் பலரும் உணர்கிறோம்.

தமிழர் வீடுகளில் அந்த நேரத்தில் என்ன நடக்கும்? மருத்துநீர் என்பது என்ன?

தமிழ்ப் பஞ்சாங்கங்கள் இதை விஷு புண்ணிய காலம் என்று குறிப்பிடும். ஆண்டுப் பிறப்புக்கு முன்னே 4 மணி, பின்னே 4 மணி என எட்டு மணி நேரம் அது நீடிக்கும். இந்த நேரத்துக்குள் எல்லோரும் மருத்துநீர் வைத்து நீராட வேண்டும். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, விஷ்ணுகிராந்தி, வில்வம், அறுகு, பால், கோசலம், கோமயம், கோரோசனை, மஞ்சள், மிளகு, சுக்கு முதலியவற்றைச் சுத்தமான நீரில் இட்டுக் காய்ச்சி எடுப்பதே மருத்துநீர். பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தாமே காய்ச்சுவதில்லை. கோயிலில் ஐயர் காய்ச்சி வைத்திருப்பதைச் செம்பிலோ போத்தலிலோ வாங்கி வருவார்கள். அதனால் புத்தாண்டுக்கு முன்னே கோயில் வாசல்களில் பாத்திரங்களோடு நிற்கும் வரிசையைக் காணலாம்.

வீட்டுப் பெரியவர் ஒருவர் கிழக்கு நோக்கி நிற்பவரின் தலையில் ஓர் இலையையும் காலடியில் இன்னோர் இலையையும் வைத்து, மருத்துநீரை உச்சந்தலையில் தேய்த்து விடுவார். எந்த இலை தலைக்கு, எந்த இலை காலுக்கு என்பதையும், நீராடிய பின் எந்த நிற உடுப்பு அணிய வேண்டும் என்பதையும் அந்தந்த ஆண்டுப் பஞ்சாங்கம் கூறும். இந்த நிறக் குறிப்பு வெளியானதும் புடவைக் கடைகளில் அந்த நிறத்துக்குத் தனிக் கிராக்கி ஏற்பட்டுவிடும். அந்த நிறத்தில் புது உடுப்பு வாங்க வசதியில்லாத குடும்பங்கள் அந்த நிறக் கரையோ பூவோ உள்ள ஏதாவது ஒன்றை அணிந்து நிறைவு காண்பதில் தவறேதும் இல்லை; அப்படித்தான் நம் வீடுகளில் காலங்காலமாக நடந்து வந்திருக்கிறது.

சுபநேரங்களை யார் தீர்மானிக்கிறார்கள்?

சிங்கள மக்களுக்கான நேரங்களைக் கலாசார அலுவல்கள் திணைக்களத்தின் கீழ் இயங்கும் சோதிடர் குழு கணித்து, சுபநேரப் பத்திரமாக வெளியிடுகிறது. அதை நாட்டின் தலைவருக்குச் சம்பிரதாயமாகக் கையளிப்பதும் வழக்கம். பழைய ஆண்டுக்கும் புதிய ஆண்டுக்கும் பிறை பார்த்தல், பழைய ஆண்டுக்கான நீராடல், புண்ணிய காலம், ஆண்டுப் பிறப்பு, அடுப்பு மூட்டுதல், உணவு உண்ணுதலும் கொடுக்கல் வாங்கலும், தலைக்கு எண்ணெய் வைத்தல், தொழிலுக்குப் புறப்படுதல் என்று ஒவ்வொன்றுக்கும் மணி, நிமிடம் குறித்திருக்கும். எந்தத் திசை நோக்க வேண்டும், எந்த நிறம் அணிய வேண்டும் என்பதும் உடன் இருக்கும். பத்திரிகைகள் இதை முழுப் பக்கமாக அச்சிடும்; வானொலியும் தொலைக்காட்சியும் அந்தந்த நிமிடத்தை அறிவிக்கும். சோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும் அன்று அந்தப் பட்டியலின்படி நடப்பதைப் பார்க்கலாம். அம்பாந்தோட்டையில் ஒரு தாய் அடுப்பை மூட்டும் அதே நிமிடத்தில் கண்டியிலும் அனுராதபுரத்திலும் அடுப்புகள் மூளுகின்றன என்பதே அவர்களுக்கும் போதுமான காரணமாக இருக்கிறது.

அடுப்பு மூட்டுவதும் பொங்குவதும் எவ்வாறு நடைபெறும்?

சிங்கள வீட்டில் குறித்த நேரம் வந்ததும் இல்லத்தரசி குறித்த திசையை நோக்கி அடுப்பை மூட்டி, புதுப் பானையில் பாலை ஏற்றுவார். பால் பொங்கி வழியும்போது வெளியே சீனவெடி கொளுத்துவார்கள். அதன் பிறகு பாற்சோறு சமைக்கப்படும். பச்சரிசியைக் குழைய வேகவைத்து, கெட்டித் தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்து, நீர் வற்றியதும் தட்டில் கொட்டி, வாழையிலைத் துண்டால் மேற்பரப்பைத் தட்டிச் சமப்படுத்தி, சாய்சதுரத் துண்டுகளாக வெட்டுவார்கள். இனிப்பு வேண்டுவோர் வாழைப்பழத்தோடும் சர்க்கரையோடும், காரம் வேண்டுவோர் இடித்த மிளகாயும் வெங்காயமும் சேர்ந்த சம்பலோடும் உண்பார்கள்.

தமிழர் வீட்டில் பொங்கல் பெரும்பாலும் முற்றத்தில் நடக்கும். முற்றத்தைக் கூட்டி, சாணத்தால் மெழுகி, கோலமிட்டு, நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, மூன்று கற்களின் மேல் பானை ஏற்றுவார்கள். பால் எந்தப் பக்கம் பொங்கிச் சரிகிறது என்பதை வீட்டில் உள்ளவர்கள் அனைவரும் கூர்ந்து கவனிப்பார்கள். தைப்பொங்கலுக்குச் செய்வது போன்றதே இதுவும். ஆனால் ஆண்டு இரவில் பிறந்தால் பொங்கலை மறுநாள் காலையில் சூரியன் உதிக்கும் வேளைக்கு ஒத்திப்போடுவோரும் உண்டு. மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் எரிவாயு அடுப்பில் சின்னப் பானை வைத்துப் பொங்குகிறார்கள். பால் பொங்கினால் போதும் என்பதே அவர்கள் கருத்து.

என்னென்ன பலகாரங்கள் செய்வார்கள்?

புத்தாண்டுக்கு ஒரு வாரத்துக்கு முன்பே தெருவெங்கும் தேங்காயெண்ணெய் கொதிக்கும் வாசம் வீசத் தொடங்கிவிடும். சிங்களவரின் பலகாரத் தட்டில் பணியாரம் போன்ற கெவும், அச்சில் தோய்த்துப் பொரித்த கொக்கிஸ், அலுவா, ஆஸ்மி, அதிரசம் ஆகியவையும் கதலி வாழைப்பழமும் இருக்கும். யாழ்ப்பாணத் தமிழர் அரியதரம், பயற்றம் பணியாரம், சீப்புப் பணியாரம், முறுக்கு, வடை ஆகியவற்றைச் செய்வார்கள்.

இவற்றுள் கொண்டைக் கெவும் செய்வதற்குத்தான் கைப்பழக்கம் மிகுதியாக வேண்டும். அரிசி மாவையும் கித்துள் பாணியையும் குழைத்துத் தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைத்துப் புளிக்க வைப்பார்கள். சிறிய, குழிந்த தாச்சியில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு கரண்டி மாவை ஊற்றி, அது விளிம்பில் சிவந்து வரும்போது நடுவில் ஒரு ஈர்க்கைக் குத்திப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு ஈர்க்கை மெல்லச் சுழற்றிக்கொண்டே கொதிக்கும் எண்ணெயைக் கரண்டியால் அள்ளி நடுவில் ஊற்ற ஊற்ற, வேகாத மாவு மேலெழுந்து, பெண்கள் முடியும் கொண்டை போலத் திரண்டு நிற்கும். ஈர்க்கை முந்தி எடுத்தால் கொண்டை சரிந்துவிடும், பிந்தினால் கருகிவிடும். வீட்டில் வயதான ஆச்சி ஒருவர் சிறு முக்காலியில் அமர்ந்து, ஒரு கையில் ஈர்க்கும் மறு கையில் கரண்டியுமாக நூற்றுக்கணக்கில் சுட்டு அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இப்போது கடைகளில் பொதி செய்யப்பட்ட கெவும் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பேருதவிதான். எனினும் ஏதேனும் ஒரு பலகாரத்தையாவது வீட்டில் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்வேன். ஆச்சியின் கைப்பழக்கத்தைக் கடைப் பொதியிலிருந்து எந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ள முடியாது.

புத்தாண்டு நாளில் தமிழர் வீடுகளில் மரக்கறிச் சமையல்தான். மறுநாள் பல ஊர்களில் ஆட்டிறைச்சியைப் பங்கு போட்டு வாங்கிச் சமைப்பதும் விருந்துக்கு அழைப்பதும் வழக்கம்.

கைவிசேடம் என்றால் என்ன? வெளியாரும் பெற்றுக்கொள்ளலாமா?

ஆண்டு பிறந்த பின் சுபநேரம் பார்த்துப் பெரியவர்கள் இளையவர்களுக்குக் கொடுக்கும் முதல் பணமே கைவிசேடம். வெற்றிலையின் மேல் நெல்லும் பூவும் காசும் வைத்து, தெய்வப் படத்தின் முன் நின்று, கொடுப்பவர் வாழ்த்திக் கொடுக்க, பெறுபவர் இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காலில் விழுந்து வணங்குவார். தொகை முக்கியம் அன்று. கொடுப்பவரின் கைராசிதான் முக்கியம். அதனால்தான் அப்பம்மாவின் கையால் வாங்கிய பத்து ரூபாய்த் தாளைச் செலவழிக்காமல் ஆண்டு முழுவதும் பணப்பையில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் தம் ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கொடுப்பார். விருந்தாளியாகச் செல்லும் உங்களுக்கும் கொடுத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்; மறுப்பது வீட்டாரின் மனத்தை நோகடிக்கும்.

சிங்களவரிடம் இதற்கு இணையாகக் 'கனுதெனு' என்னும் கொடுக்கல் வாங்கல் உண்டு. பிள்ளைகள் வெற்றிலைக் கட்டை நீட்டி மண்டியிட்டு வணங்க, பெற்றோர் காசு வைத்த வெற்றிலையைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஊர்ப்புறப் பெண்கள் கிணற்றோடும் கொடுக்கல் வாங்கல் செய்வார்கள். பூவையும் காசையும் கிணற்றில் இட்டுவிட்டுப் புத்தாண்டின் முதல் குடம் நீரை அள்ளி வருவார்கள். ஆண்டு முழுவதும் குடிக்கத் தரும் கிணற்றுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்ற இந்த எண்ணத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். வங்கிகளும் சுபநேரத்தில் கதவைத் திறந்து, கணக்கில் பணம் வைப்பிலிடும் வாடிக்கையாளருக்குச் சிறு பரிசுகள் வழங்குவதுண்டு.

தலைக்கு எண்ணெய் வைப்பது எப்போது?

புத்தாண்டு பிறந்து ஒன்றிரண்டு நாட்களுக்குப் பிறகு, குறித்த சுபநேரத்தில் சிங்களவர் விகாரைகளிலும் வீடுகளிலும் இதைச் செய்வார்கள். தலைக்கு மேலே ஓர் இலை, காலடியில் ஓர் இலை வைத்து, பிக்குவோ குடும்பத்தின் மூத்தவரோ மூலிகை எண்ணெயை உச்சியில் தடவி நோயற்ற வாழ்வுக்கு வாழ்த்துவார். தமிழரின் மருத்துநீர்ச் சடங்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்ற இலை முறையும் பெரியவரின் கை உச்சந்தலையில் படுவதும் இரு இனத்தாரிடமும் ஒன்றாகவே இருக்கின்றன. நாளும் திரவமும்தான் வேறு.

விளையாட்டுகள் உண்டா?

புத்தாண்டு முடிந்து அடுத்த வாரங்களில் ஊர் மைதானங்களில் நடைபெறும். கயிறிழுத்தல், வழுக்கு மரம் ஏறுதல், கண்ணைக் கட்டிக்கொண்டு முட்டி என்னும் மண்பானையை உடைத்தல், உயரத்தில் கட்டிய மரத்தின் மேலமர்ந்து தலையணையால் அடித்து ஒருவரையொருவர் வீழ்த்துதல், யானைப் படத்துக்குக் கண் வைத்தல் என நாள் முழுதும் கலகலப்பாக இருக்கும். வீட்டுக்குள் சோழி எறிந்து ஆடும் ஆட்டங்களும் குன்றிமணி வைத்து ஆடும் பலகை ஆட்டமும் உண்டு. வடக்கில் மாட்டுவண்டிச் சவாரி, கிளித்தட்டு, ஊஞ்சல் ஆகியவற்றோடு போர்த்தேங்காய் அடித்தலும் சிறப்பு. கெட்டி ஓடுள்ள தேங்காய்களைத் தேடித் தேர்ந்தெடுத்து, ஒருவர் தரையில் வைக்க மற்றவர் தம் தேங்காயால் ஓங்கி அடிப்பார். எவர் தேங்காய் உடைகிறதோ அவர் தோற்றார். சிங்களவரிடமும் இதே விளையாட்டு இருந்து வருகிறது.

புத்தாண்டு அழகியைத் தேர்ந்தெடுக்கும் போட்டிகள் இப்போது எல்லா ஊர்களிலும் பரவி, பல இடங்களில் ஒலிபெருக்கியும் விளம்பரப் பதாகைகளுமே மேலோங்கி நிற்கின்றன. பழைய விளையாட்டுகளைக் கற்றுத் தரும் முதியவர்கள் இருக்கும்போதே அவற்றுக்கு அதிக நேரம் ஒதுக்குவது நல்லது.

முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கொண்டாடுகிறார்களா?

முஸ்லிம்களுக்கு இது சமயப் பண்டிகை அன்று. ஆனால் அயல்வீட்டிலிருந்து பலகாரத் தட்டு அவர்கள் வீட்டுக்குப் போகும். நோன்புப் பெருநாளில் வட்டிலப்பம் இந்தப் பக்கம் வரும். தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் எவரிடமும் இல்லை. சிங்களக் கிறிஸ்தவர்களிலும் தமிழ்க் கிறிஸ்தவர்களிலும் பலர் சோதிடச் சடங்குகளைத் தவிர்த்து, புது உடுப்பு, பாற்சோறு, உறவினர் சந்திப்பு என்ற அளவில் கொண்டாடுகிறார்கள்.

இந்தப் பண்டிகை எவ்வளவு பழைமையானது? எப்போதும் ஏப்ரல் 14இல்தான் வந்ததா?

1660இல் கண்டி அரசனால் சிறைபிடிக்கப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலக் கடலோடி ராபர்ட் நாக்ஸ், இங்குள்ளவர்களின் புத்தாண்டு மார்ச் 27, 28 அல்லது 29ஆம் திகதியில் வருகிறது என்று எழுதியிருக்கிறார். இதைப் படித்துக் குழம்புவோர் பலர். அக்கால ஆங்கிலேயர் பின்பற்றிய ஜூலியன் நாட்காட்டி இன்றைய நாட்காட்டியைவிட 10 நாட்கள் பிந்தியிருந்தது. ஆகவே அவர் குறிப்பிட்ட நாள் இன்றைய கணக்கில் ஏப்ரல் 7ஐ ஒட்டி வரும். எஞ்சிய வித்தியாசத்துக்குக் காரணம், இராசிச் சக்கரத்தை அடிப்படையாகக் கொண்ட ஆண்டு பருவங்களை அடிப்படையாகக் கொண்ட ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீளமாக இருப்பது. எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற அளவில் புத்தாண்டு மெல்ல அடுத்தடுத்த திகதிக்குத் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது.

இதே சூரியப் பெயர்ச்சியை ஒட்டித்தான் தமிழ்நாட்டில் சித்திரை முதல் நாளும், கேரளத்தில் விஷுவும், தாய்லாந்திலும் மியன்மாரிலும் கம்போடியாவிலும் ஏப்ரல் நடுப்பகுதிப் புத்தாண்டுகளும் அமைந்தன. இலங்கையின் பெரும்போக அறுவடை முடிந்து வீட்டில் நெல் இருக்கும் காலமும் இதுவே. முள்முருக்கு இலையுதிர்ந்து செந்நிறமாகப் பூத்து நிற்கும், குயில் ஓயாமல் கூவும், பலாவும் மரமுந்திரியும் பழுத்திருக்கும்.

சிங்களவரும் தமிழரும் சேர்ந்தா கொண்டாடுகிறார்கள்?

ஒரே நாளில் கொண்டாடுகிறார்கள். பெரும்பாலும் அவரவர் வீட்டில் கொண்டாடுகிறார்கள். இரு இனத்தாரும் கலந்து வாழும் ஊர்களிலும் அலுவலகங்களிலும் பலகாரங்களும் வாழ்த்துகளும் கைமாறும். ஆனால் 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க் காலத்தில் ஒரே கணத்தில் பிறந்த ஆண்டு ஒரு பக்கம் வெடியோசையோடும் மறுபக்கம் குண்டோசையோடும் கழிந்தது என்பதை மறைக்கக் கூடாது. வடக்கில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் மர நிழலில் கிடைத்த பாத்திரத்தில் பொங்கின. 2002 ஏப்ரலில், புத்தாண்டுக்குச் சில நாட்கள் இருக்கையில், ஏ9 வீதி யாழ்ப்பாணம் வரை திறக்கப்பட்டபோது பல ஆண்டுகளாகப் பிரிந்திருந்த உறவினர்கள் ஒருவரையொருவர் கண்டார்கள். 2006இல் அந்த வழி மீண்டும் மூடப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இன்றும் காத்திருக்கும் தாய்மார் உள்ள வீடுகளில் புத்தாண்டு முழுமையாகப் பிறப்பதில்லை. பொதுப் பண்டிகை என்று பெருமையோடு பேசும்போது அந்த வீடுகளையும் சேர்த்தே பேச வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

2022இல் பொருளாதார நெருக்கடியின்போது எரிவாயுவும் பால்மாவும் கிடைக்காமல் மக்கள் வரிசைகளில் நின்ற வேளையில், கொழும்பு காலிமுகத்திடலில் ஏப்ரல் 9ஆம் திகதி போராட்டம் தொடங்கியது. ஐந்து நாட்களில் புத்தாண்டு வந்தது. போராட்டக்காரர்கள் அங்கேயே கடற்கரை ஓரத்தில் அடுப்பு மூட்டிப் பால் பொங்கினார்கள்.

புத்தாண்டு நாட்களில் இலங்கைக்கு வருவதானால் எதைக் கவனிக்க வேண்டும்?

பயணத்தை முன்கூட்டியே திட்டமிடுங்கள். புத்தாண்டுக்கு முந்திய நாட்களில் கொழும்பில் வேலை செய்வோர் அனைவரும் ஊருக்குப் புறப்படுவதால் புகையிரதங்களிலும் பேருந்துகளிலும் கால் வைக்க இடமிருக்காது. மேலதிகச் சேவைகள் விட்டும் போதாது. அதன் பின் கொழும்பு வெறிச்சோடிவிடும். கடைகளும் உணவகங்களும் சில நாட்களுக்கு மூடியிருக்கும். சிற்றூர்களில் ஒரு வாரம் வரைகூடத் திறக்காத கடைகள் உண்டு. எனவே தேவையான மருந்துகளையும் பால்மா முதலியவற்றையும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா மட்டும் இதற்கு விலக்கு. ஏப்ரல் அங்கே வசந்த காலக் கொண்டாட்ட மாதம் என்பதால் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடக்கும், அறை வாடகையும் பன்மடங்கு உயரும்.

எவரேனும் வீட்டுக்கு அழைத்தால், புண்ணிய காலம் முடிந்து உணவு உண்ணும் சுபநேரம் கடந்த பிறகே செல்லுங்கள். வெறுங்கையோடு போகாமல் பழமோ பலகாரமோ ஒரு கட்டு வெற்றிலையோ கொண்டுபோங்கள். பலகாரத் தட்டை நீட்டினால் ஒன்றையாவது எடுத்து உண்ணுங்கள். ஒரே நாளில் நாலைந்து வீடுகளுக்குச் செல்ல வேண்டியிருந்தால் முதல் வீட்டிலேயே வயிறு நிறைய உண்டுவிடாதீர்கள். எல்லா வீட்டிலும் பாற்சோறு வைத்திருப்பார்கள்.